வரைபடத்தில் விட்டுப்போன ஆறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஆப்பிரிக்காவில் குவியும் அந்நிய முதலீடு பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. ஜாம்பியாவுக்கு அதில் நான்கு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். கூடவே ஒரு வரைபடம். செம்புச் சுரங்கங்களுக்குக் கறுப்புப் புள்ளி, அங்கோலாவின் லொபீட்டோ துறைமுகம் வரை போகும் ரயில் பாதைக்குச் சிவப்புக் கோடு. எந்த நாட்டுப் பணம் எங்கே போகிறது என்று பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் கஃபூயே ஆறு இல்லை. அந்தக் கறுப்புப் புள்ளிகளில் பெரும்பாலானவை அந்த ஆற்றின் கரையிலோ அதில் வந்து சேரும் ஓடைகளின் கரையிலோதான் இருக்கின்றன. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. 1982 முதல் 2007 வரை ஜாம்பியாவின் காப்பர்பெல்ட் மாகாணத்தில் ஒரு சுரங்க நகரத்துப் பள்ளியில் வேலை பார்த்தேன். என் கணவர் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் நம் ஊரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் எத்தனையோ ஆசிரியர்கள் இப்படிப் போனோம். இரண்டு மூன்று வருட ஒப்பந்தம், முடிந்தால் மறுபடியும் புதுப்பிப்பார்கள். அப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்தே இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. ஊரின் பெயரை எழுதவில்லை. என் மாணவர்கள் இன்னும் அங்கேதான் பிழைக்கிறார்கள்.

போன புதிதில் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டேன். 'சென்ட்டா'. பெம்பா பேசும் அந்த மக்கள் உருக்காலைப் புகைக்கு வைத்திருக்கும் பெயர் அது. "மேடம், இன்னைக்கு சென்ட்டா அதிகம், துணி காயப் போடாதீங்க" என்று பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வார். எனக்கு அது கந்தக டை ஆக்சைடு. செம்புத் தாதுவில் கந்தகம் சேர்ந்திருக்கிறது. தாதுவை உருக்கும்போது அந்தக் கந்தகம் வாயுவாக மாறி வெளியே வரும். அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக மாற்ற ஆலை உண்டு. அந்த ஆலை சிறியதாக இருந்தாலோ பழுதாகி நின்றாலோ வாயு நேராகப் புகைபோக்கி வழியே ஊருக்குள் வந்துவிடும். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிகிற விஷயம் இது. என் வகுப்பில் அதை நடத்தும்போது பிள்ளைகள் இருமிக்கொண்டே குறிப்பு எடுத்தார்கள்.

ஜூன், ஜூலையில் அங்கே நல்ல குளிர். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். குளிர்ந்த காலையில் புகை மேலே ஏறாமல் தரையோடு படுத்துக்கிடக்கும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் பள்ளிக்கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்போம். தகரக் கூரைகள் சீக்கிரமே துருப்பிடித்து ஓட்டை விழும். நான் முருங்கை வைத்துப் பார்த்தேன், கீரை போட்டுப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைகளின் பெயரை எந்த ஆசிரியையும் மனப்பாடமாக வைத்திருப்பாள். அவர்களைக் கதவோரம் உட்கார வைக்கக் கூடாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது அந்நியக் கம்பெனிகள் கொண்டுவந்த புகை அல்ல. நாங்கள் போய்ச் சேர்ந்த 1982-ல்தான் அரசு தன்னிடமிருந்த இரண்டு சுரங்கக் கம்பெனிகளையும் ஒன்றாக்கி இசட்.சி.சி.எம். என்ற பெயரில் நடத்தத் தொடங்கியது. புகை அப்போதும் இருந்தது. அதற்கு முன்பு வெள்ளைக்காரக் கம்பெனிகள் காலத்திலும் இருந்தது. 1970 செப்டம்பரில் முஃபுலீரா சுரங்கத்துக்கு மேலே தேக்கியிருந்த கழிவுச் சேறு அப்படியே உள்ளே இறங்கி 89 தொழிலாளிகள் செத்துப்போனார்கள். நாங்கள் போன பிறகும் அதைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆகவே அரசு நடத்தினால் ஆறு சுத்தமாக இருக்கும், வெளிநாட்டுக்காரன் வந்தால் கெட்டுப்போகும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய்.

அரசுக் காலத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாக்கடை, தெருவிளக்கு, கொசு மருந்து, கால்பந்து மைதானம் எல்லாவற்றையும் சுரங்கமே பார்த்துக்கொண்டது. செம்பு விலை எழுபதுகளின் நடுவில் சரிந்தது, பிறகு பல வருடம் எழுந்திருக்கவே இல்லை. கடன் ஏறியது. தொண்ணூறுகளில் உலக வங்கியும் ஐ.எம்.எஃப்.பும் விற்கச் சொல்லி நெருக்க, 1997-லிருந்து 2000-க்குள் சுரங்கங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். வாங்கியவர்கள் சுரங்கத்தை எடுத்துக்கொண்டார்கள், ஊரை எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் கொசு மருந்து நின்றது. அப்புறம் சாக்கடை அள்ளுவது நின்றது. நகராட்சிக்கு அதற்கான பணமும் கிடையாது, ஆளும் கிடையாது.

விற்றபோது எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களில்தான் விஷயம் இருக்கிறது. அவற்றை அரசு வெளியிடவில்லை. கிட்டத்தட்ட பத்து வருடம் கழித்துத்தான் அவை வெளியே கசிந்தன. எடுக்கும் செம்புக்கு அரசுக்குக் கட்ட வேண்டிய உரிமத்தொகை சட்டப்படி 3 சதவீதம். ஒப்பந்தத்தில் 0.6 சதவீதம். சட்டமும் வரியும் பதினைந்து இருபது வருடத்துக்கு மாறாது என்று உறுதி கொடுத்திருந்தார்கள். பழைய கழிவுகளுக்கு உண்டான பொறுப்பு அரசின் தலையிலேயே நின்றது. புகைக்கும் கழிவுநீருக்கும் வாங்கியவர்கள் தங்கள் திட்டத்தில் எழுதிக்கொண்ட அளவும் கால அவகாசமும்தான் கணக்கு. பணம் போட வருகிறவர் தனக்கு நல்ல நிபந்தனை கேட்பதில் ஆச்சரியமில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாட்டுக்கு அன்று கையில் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் எழுதிய காகிதத்தை வைத்துத்தான் அடுத்து வந்த வருடங்களில் பிள்ளைகள் எதைச் சுவாசிப்பது, எதைக் குடிப்பது என்று முடிவானது. 2008-ல் அரசு புதுச் சட்டம் போட்டு அந்த ஒப்பந்தங்களை முடித்துவைத்தது. அதற்குள் நாங்கள் ஊருக்கே திரும்பிவிட்டோம்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். இதுவரை வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

2003 மழைக்காலம். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆரஞ்சு ஸ்குவாஷ் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தான். அவன் அம்மா ஓடைக்கரையில் காய்கறி போட்டு விற்பவர். வள்ளிக்கிழங்குக் கொடியும், அங்கே 'ரேப்' என்று சொல்லும் கடுகு இனத்துக் கீரையும் போடுவார். அந்தக் கீரையை நிலக்கடலை மாவோடு வேகவைத்து, மக்காச்சோளக் களி மாதிரி அவர்கள் கிண்டும் இன்ஷிமாவுக்குத் தொட்டுக்கொள்வார்கள். நானும் அந்த அம்மாவிடம்தான் கீரை வாங்குவேன். மூன்று வாரமாகச் செடியெல்லாம் கருகுகிறது, ஓடையில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் மேடம் என்றான்.

எங்கள் ஆய்வகத்தில் பெரிய கருவி எதுவும் கிடையாது. லிட்மஸ் தாளை நனைத்தேன். நீலத்தாள் சட்டென்று சிவந்தது. ஒரு சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை ஊற்றி அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் வெளிர் நீலமாகத் திரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டதும் திரிந்தது கரைந்து, குழாய் முழுக்க அடர்ந்த நீலம் பரவியது. தாமிர அயனிக்கு நாங்கள் பரீட்சையில் செய்து காட்டும் சோதனை அதுதான். வழக்கமாக அதற்கு மயில்துத்தம் என்ற தாமிர உப்பைக் கரைத்து வைத்துக்கொள்வேன். அன்று அது தேவைப்படவில்லை. பையன் குழாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விடை தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

எழுதி அனுப்பலாமா என்று மேலே இருந்த ஒருவரிடம் கேட்டேன். "நீங்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர், அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும், இதெல்லாம் நம் வேலையில்லை" என்றார். மிரட்டிச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எங்கள் மகள் அப்போது சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். குழாயைச் சிங்க்கில் கொட்டிக் கழுவி வைத்தேன். அந்த அம்மாவிடம் ஓடைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். வேறு எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த நீலம் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு காகிதத்தில் தேதி போட்டு, இன்ன ஓடை, இன்ன சோதனை, இன்ன முடிவு என்று எழுதியிருந்தால் அது யாருக்காவது உதவியிருக்கும். நான் எழுதவில்லை.

காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சிங்கோலா கதையைச் சொல்கிறேன்.

சிங்கோலாவில் இன்சாங்கா என்று மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கம் இருக்கிறது. கொன்கோலா காப்பர் மைன்ஸ் கம்பெனியின் சொத்து அது. தனியார்மயத்தில் அதை வாங்கிய ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்க நிறுவனம் 2002-ல் விலகிக்கொண்டது. 2004-ல் கொன்கோலாவின் 51 சதவீதப் பங்கு வேதாந்தாவின் கைக்கு வந்தது. 2006 நவம்பரில் கழிவுக் குழம்பு கொண்டுபோகும் குழாய் உடைந்து முஷிஷிமா ஓடை வழியாகக் கஃபூயேயில் கலந்தது. ஆறு நீலமாகப் போனது என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். நகரத்துக்குக் குழாய்த் தண்ணீரை நிறுத்தினார்கள். நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன், ரேடியோவில் கேட்டேன். நீலம் என்று காதில் விழுந்ததும் எனக்குச் சோதனைக் குழாய்தான் நினைவுக்கு வந்தது.

ஊர்க்காரர்கள் 2,000 பேர் வழக்குப் போட்டார்கள். 2011-ல் லுசாகா உயர் நீதிமன்றம் கம்பெனியைக் கடுமையாகக் கண்டித்து எல்லோருக்கும் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் 2015-ல் ஜாம்பியா உச்ச நீதிமன்றம் கம்பெனி பொறுப்புதான் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் இழப்பீடு 12 பேருக்குத்தான் என்றது. ஏன் தெரியுமா? அந்த 12 பேரிடம்தான் மருத்துவச் சான்று இருந்தது. மற்றவர்கள் அதே தண்ணீரைக் குடித்தவர்கள்தான். அவர்களிடம் காகிதம் இல்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே 2015-ல் சிங்கோலாவைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து 1,826 பேர் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேதாந்தாவின் தலைமைக் கம்பெனி அங்கேதான் பதிவாகியிருந்தது. ஜாம்பியாவில் நடந்ததை ஜாம்பியாவில் விசாரியுங்கள் என்று கம்பெனி வாதாடியது. நாலு வருடம் இந்த ஒரு கேள்வியிலேயே போனது. 2019 ஏப்ரல் 10-ம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வழக்கை லண்டனில் நடத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னது. தாய்க் கம்பெனி தன் கிளைக் கம்பெனியின் சுற்றுச்சூழல் விவகாரங்களில் எந்த அளவு தலையிட்டது என்பதை வைத்து அதற்கும் பொறுப்பு வரலாம் என்றது. இன்னொன்றும் சொன்னது. இவ்வளவு பெரிய வழக்கை ஏற்று நடத்தப் பண வசதியும் அனுபவமும் உள்ள வழக்கறிஞர்கள் ஜாம்பியாவில் இவர்களுக்குக் கிடைக்க மாட்டார்கள், அங்கே அனுப்பினால் இவர்களுக்கு நியாயம் எட்டாது என்றது. 2021 ஜனவரியில் சமரசமாக முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் ஒரு தொகை கொடுத்தார்கள், எவ்வளவு என்று வெளியிடவில்லை. குழாய் உடைந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

இந்தத் தீர்ப்பு வந்த அன்று தூத்துக்குடிக்காரர்கள் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் இப்போது இருக்கும் பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ஒரு மணி நேரப் பயணம். அதே குழுமத்தின் செம்பு ஆலைக்கு 2013-ல் நம் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்ததும், 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்ததும் உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது வேறு. தூத்துக்குடியில் கந்தக டை ஆக்சைடு என்று பேச்சு வந்தபோது நம் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அளவுமானி என்ன காட்டியது, வாரியம் என்ன சொன்னது என்று தினமும் படித்தோம். அதே வாயுவை 'சென்ட்டா' என்று பெயர் வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சுவாசித்த ஊர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் எத்தனை டாலர் முதலீடு என்பதோடு நிறுத்திவிடுகிறோம்.

வேதாந்தாவைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். போன வருடம், 2025 பிப்ரவரி 18-ம் தேதி, கிட்வே பக்கம் சம்பீஷியில் சீனக் கம்பெனியான சைனோ மெட்டல்ஸின் கழிவு அணை உடைந்தது. அமிலமும் உலோகங்களும் கலந்த தண்ணீர் 5 கோடி லிட்டர் ஓடையில் இறங்கி கஃபூயேக்கு வந்தது என்று முதலில் சொன்னார்கள். ஆற்றில் 100 கிலோமீட்டர் தள்ளியும் மீன் செத்து மிதந்தது. 7 லட்சம் பேர் இருக்கும் கிட்வேக்குத் தண்ணீர் நின்றது. அரசு விமானப்படையை விட்டு ஆற்றில் சுண்ணாம்பு கொட்டியது. அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு போடுவது சரிதான். ஆனால் கரைந்திருந்த உலோகம் அப்போது மறைந்துபோவதில்லை, திரிந்து அடியில் போய்ப் படியும். அடுத்த மழைக்கு அது கிளறப்படும்.

அந்த வாரம் என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த படங்களை என்னால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. கரையெல்லாம் வெள்ளை வயிறு தெரிய மீன். அங்கே சிசென்ஸே என்று ஒரு பொடி மீன், நம் நெத்திலி மாதிரி காய வைத்துச் சாப்பிடுவார்கள். கறி வாங்க முடியாத வீட்டில் பிள்ளைகளுக்குப் புரதம் என்றால் மீன்தான். ஒருத்தி நர்ஸாக இருக்கிறாள், குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "மேடம், ஜனங்க செத்த மீனை அள்ளிட்டுப் போறாங்க, சந்தையில வித்துடுவாங்கன்னு பயமா இருக்கு" என்று சொன்னாள். பயம் சரிதான் என்று பதில் போட்டேன். நாலாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேறு என்ன செய்ய.

காப்வே பற்றி ஒரே ஒரு விஷயம். ஈயச் சுரங்கம் இருந்த அந்த நகரத்தில் சுரங்கம் 1994-லேயே மூடிவிட்டது. முப்பது வருடம் தாண்டியும் அங்கே தெருப் புழுதியில் விளையாடும் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. லாபம் எடுத்தவர்களும் நடத்தியவர்களும் எப்போதோ போய்விட்டார்கள்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால், சரி, சுரங்கமே வேண்டாம் என்கிறீர்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஜாம்பியா 2020-ல் கடன் கட்ட முடியாமல் கையை விரித்த நாடு. ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு செம்பிலிருந்துதான் வருகிறது. 2024-ல் 8 லட்சம் டன்னை ஒட்டி எடுத்தார்கள், அதை 30 லட்சம் டன்னாக்க வேண்டும் என்பது அதிபர் ஹிச்சிலேமாவின் இலக்கு. 2022-ல் உயர்நிலைப் பள்ளி வரை கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களை நியமித்தார்கள். கட்டணம் கட்ட முடியாமல் பத்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளை வருடா வருடம் பார்த்தவள் நான். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதித் தீராது. அதற்கெல்லாம் பணம் வேண்டும், பணம் வெளியிலிருந்தும் வரத்தான் வேண்டும்.

அந்நியப் பணம் காற்றைச் சுத்தம் செய்ததற்கும் சாட்சி இருக்கிறது. முஃபுலீரா உருக்காலை 2000-ல் சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் கைக்குப் போனது. பழைய உலைகளை எடுத்துவிட்டுப் புது உலை போட்டார்கள். அமில ஆலையைப் பெரிதாக்கினார்கள். 2014-ல் வாயுவில் 95 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடிந்தது. செய்ய முடியாத வேலை அல்ல அது, தொழில்நுட்பம் பல காலமாக இருக்கிறது. ஆனால் 2000-க்கும் 2014-க்கும் நடுவில் பதினான்கு வருடம் இருக்கிறதே. 2000-ல் பிறந்த குழந்தை 2014-ல் ஒன்பதாம் வகுப்பில் என் முன்னால் உட்காரும் வயது. கான்கோயோ என்ற தொழிலாளர் குடியிருப்பு அந்த ஆலையின் நிழலில்தான் இருக்கிறது. அங்கே வீட்டு வேலிக்குக் கள்ளியைத்தான் வைத்திருப்பார்கள், வேறு செடி தாங்காது. அந்தப் பதினான்கு வருடத்தை யார் எங்கே எழுதி அனுமதித்தார்கள் என்பதுதான் என் கேள்வி. பிற்பாடு ஆலை 2021-ல் அரசிடம் திரும்பி வந்து, 2024-ல் அபுதாபிக் கம்பெனி ஒன்று 51 சதவீதம் வாங்கியிருக்கிறது. கொன்கோலாவும் அப்படித்தான். 2019-ல் அரசு எடுத்துக்கொண்டு, 2024-ல் மறுபடியும் வேதாந்தாவிடமே கொடுத்துவிட்டது. கை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய கழிவு யாருடையது என்று புதிதாக ஒரு வாக்குவாதம் வரும். கான்கோயோவில் இருப்பவர்கள் மாறுவதில்லை.

இப்போது இதில் நாமும் இருக்கிறோம். செம்பும் கோபால்ட்டும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க இந்தியாவுக்கு 9,000 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பை ஜாம்பியா ஒதுக்கியிருக்கிறது. எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மின்சாரக் கார் ஒன்றுக்கு 80 கிலோ அளவுக்குச் செம்பு வேண்டும், பெட்ரோல் காருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். நம் ஊரில் ஓடப்போகும் காரின் கம்பி எந்த ஓடையின் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்க நமக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் இருக்கிறது. சீனாக்காரன் அப்படிச் செய்தான், வெள்ளைக்காரன் இப்படிச் செய்தான் என்று எழுதுவது சுலபம். இது நம் அரசு, நம் வரிப்பணம், நம் பெயர்.

அதனால் உங்கள் செய்தியாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இந்த 9,000 சதுர கிலோமீட்டரைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது டெல்லி அதிகாரியிடம் சில விஷயங்களைக் கேளுங்கள். தேடிப் பார்த்து, தோண்டலாம் என்று முடிவானால், அந்த ஒப்பந்தத்தை இரண்டு நாட்டு மக்களும் படிக்கும்படி வெளியிடுவீர்களா? தோண்டுவதற்கு முன்பே அங்குள்ள ஓடைகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்து, இன்றைய அளவு இது என்று பதிவு செய்வீர்களா? இந்தக் கேள்வியை நான் முக்கியமாகச் சொல்கிறேன். முன்பு எப்படி இருந்தது என்று காகிதம் இல்லையென்றால், பின்னால் கெட்டுப்போனது என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது, 2,000 பேர் 12 பேராக ஆன கதைதான். அப்புறம் அளப்பது யார்? கம்பெனியே அளந்து கம்பெனியே அரசுக்கு அனுப்பினால் போதாது. ஓடைக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். அந்தப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் ஒருவர் இருப்பார். தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டர் ஒன்றும் ஒரு நோட்டும் கொடுத்து, வாராவாரம் எழுதி வை, எழுதினால் உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று எழுத்தில் கொடுத்தால் அவர் செய்வார். நான் செய்திருப்பேன்.

கழிவு அணையைப் பற்றியும் கேளுங்கள். சுரங்கத்தை மூடிய பிறகு அணையைக் காவல் காக்கும் செலவுக்குக் கம்பெனிகள் முன்கூட்டியே பணம் கட்டி வைக்க வேண்டும் என்று ஜாம்பியாவில் ஒரு நிதியே இருக்கிறது. நம் பங்கை முதல் டன் எடுப்பதற்கு முன்பே கட்டுவோமா என்று கேளுங்கள்.

வரைபடம் போடுகிறவருக்கு: கஃபூயே காங்கோ எல்லையை ஒட்டிப் பிறக்கிறது. சிங்கோலா, கிட்வே ஊர்களைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்கும். நடுவில் சதுப்பு நிலங்களும் பெரிய தேசியப் பூங்காவும் வரும். பிறகு கிழக்கே திரும்பி, தலைநகர் லுசாகாவுக்குக் குடிதண்ணீர் கொடுத்துவிட்டு சாம்பெசி ஆற்றில் கலக்கும். 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடினாலும் ஜாம்பியாவுக்கு வெளியே ஓர் அடிகூடப் போவதில்லை. அந்த நாட்டு மக்களில் பாதிக்கு மேல் அதன் படுகையில்தான் வாழ்கிறார்கள். பெயரைச் சிலர் 'காஃப்யூ' என்று எழுதுகிறார்கள். அங்கே 'க-ஃபூ-யே' என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். படத்தில் நீலக் கோடாகப் போடுங்கள், சிவப்புக் கோட்டை விடக் கொஞ்சம் தடிமனாக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.